பரஸ்தானம் வைத்த பை

அன்று காலை மஸ்கட்டில், அந்த மூன்றாம் மாடி வீட்டின் ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்: வாசலுக்கு நேரே கிடந்த நீள சோபாவின் ஓர் ஓரத்தில், சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் உறையை மடியில் வைத்தபடி நீலகண்டபிள்ளை. அதே சோபாவின் மறு ஓரத்தில் அவருடைய மருமகன் ரமணன். அவன் காலடியில் கயிறு கட்டிய இரண்டு பெட்டிகளும், அவற்றை எடைபார்த்த கொக்கித் தராசும். கீழே விரிப்பில் மல்லாந்து தூங்கும் குழந்தை அஞ்சு. அதன் பக்கத்தில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி, மகள் ஆனந்தலட்சுமி. பால்கனிக் கதவை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஈசாக்.

அது நீலகண்டபிள்ளையின் மனைவி நீலாம்பாள் உட்காரும் நாற்காலி. அங்கே வந்த நாள் முதல் அவள் அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்ந்தாள், பேத்திக்கு எண்ணெய் தேய்த்தாள், கீழே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. ஈசாக்குக்கு அது தெரியாது. அவர்கள் ஊர்ப்பக்கத்துக் குன்னத்துகால்காரன். மஸ்கட்டில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் மேஸ்திரி. வந்ததும் கண்ணில் பட்டதில் உட்கார்ந்துவிட்டான். ஆனந்தலட்சுமி நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். யாராவது ஒருவர் உட்கார்ந்தது நல்லதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

நண்பகலில் விமானம். பேச வேண்டியதெல்லாம் முந்தின நாளே பேசித் தீர்ந்துபோன மாதிரி ஹால் அமைதியாக இருந்தது. ஈசாக்தான் அதைக் கலைத்தான்.

"அண்ணாச்சி, எனக்க வீட்டு வாடகைக்காரியை எப்பம் கூட்டிட்டுப் போறிய? வாடகை ஒண்ணும் வேண்டாம். வேதப்புஸ்தகம் வைக்குத ஸ்டூலை ஒழிஞ்சு தந்தாப் போரும்."

சொன்ன பிறகுதான் அது சிரிக்கிற இடமில்லை என்று அவனுக்குப் புரிந்தது. வாயைத் துடைப்பது போலக் கையை வைத்துக்கொண்டான்.

அவன் சொன்னது ஒரு பையை. நீலாம்பாளின் பை. தவிட்டு நிற ரெக்சின், ஜிப்பில் சின்னதாக ஒரு பூட்டு. அது ஈசாக்கின் அறைக்குப் போன கதையைச் சொல்லிவிட வேண்டும்.

மகளுடைய பேறுகாலம் பார்க்க என்று புருஷனும் பெண்சாதியுமாக வந்தவர்கள். குழந்தை பிறந்து, தலை நின்று, விசாவும் முடிகிற காலம் வந்தது. நீலகண்டபிள்ளைக்கு அங்கே ஒரு குறையுமில்லை. காலையில் கடற்கரையில் நடப்பார், பழைய செய்தித்தாளை வரிவிடாமல் படிப்பார். நீலாம்பாளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பாறசாலைக்குக் கிழக்கே அவர்கள் வீட்டு வளவில் பலா காய்த்து நிற்கும் சமயம். பக்கத்து வீட்டுப் பொன்னப்பன் ஒருத்தனாக என்னத்தைப் பறிப்பான் என்பதில் தொடங்கி, அடைத்துப் போட்ட வீட்டில் கரையான் ஏறியிருக்கும் என்பது வரை அவளுக்கு ஆயிரம் கவலை. கடைசியில் ரமணன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை.

நீலாம்பாள் முகம் சுருங்கியது. திங்கட்கிழமை கிழக்கே சூலம். அந்தத் திசைக்கு அன்று பயணம் ஆகாது.

"ஆகாசத்துல பறக்குதவனுக்கு என்னட்டி சூலம்?" என்று நீலகண்டபிள்ளை சிரித்தார். நெய்யாற்றின்கரை தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கார் குறித்த நாளைத் தவிர வேறு நாள் நட்சத்திரம் பார்த்தவரில்லை.

"ஆகாசத்துல ஏறுகதுக்கு முன்னால தரையில நடக்கணும் இல்லியா? அதுக்கு உண்டு," என்றாள் அவள்.

அதற்கு ஒரு வழியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பரஸ்தானம். நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில், தங்கள் சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். யாத்திரை அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் ஆள் போனாலும் தோஷமில்லை. ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: அப்படி வைத்த சாமான் புறப்பட்ட வீட்டுக்குத் திரும்ப ஏறக்கூடாது. நீலாம்பாளின் முறைப்படி அதில் உடுத்திய துணி ஒன்றும் இருக்க வேண்டும். ஆளுக்குப் பதிலாக அதுதானே முன்னால் போகிறது. சனிக்கிழமை கோயிலுக்கு உடுத்துப் போன பச்சைக்கரை பாலராமபுரம் சேலையை அவிழ்த்த சூட்டோடு மடித்துப் பையில் வைத்தாள். அவருடைய வேட்டி ஒன்று வைத்தாள். மேலே ஊர் வீட்டுச் சாவி. ஞாயிற்றுக்கிழமை பகலில், பார்க்க வந்த ஈசாக்கின் வண்டியில் தானே ஏறிப் போய், அவன் அறையில் தன் கையால் வைத்துவிட்டு வந்தாள்.

"இனி ஒண்ணுமில்ல. நான் பொறப்பட்டாச்சு," என்றாள் திரும்பி வந்து. அத்தனை நாளும் இல்லாத சிரிப்பு முகத்தில்.

அன்று சாயங்காலம் நெஞ்சு அடைக்கிறது என்றாள். மறுநாள் அவர்கள் ஏற வேண்டிய விமானம் போன நேரத்தில் அவள் இல்லை.

உடம்பை ஊருக்குக் கொண்டுபோகக் காகிதங்கள் சரியாக நாளாகும் என்றார்கள். அதற்குள் இங்கேயே செய்துவிடலாம் என்று முடிவு சொன்னவர் நீலகண்டபிள்ளை. சாம்பலையும், கடல் ஒன்றுதானே, இந்தக் கரையில் கரைத்தால் என்ன, திருவனந்தபுரம் சங்குமுகத்தில் கரைத்தால் என்ன என்று அவர்தான் கேட்டார். நியாயமான கேள்வி. யாரும் மறுத்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் கடற்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது, ஊருக்குக் கொண்டுபோக அவளுடையது என்று தன் கையில் எதுவுமே மிச்சமில்லை என்பது அவருக்கு உறைத்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து கடற்கரைக்குப் போகவில்லை.

மகளுக்கு வந்தது வேறு விதமான நஷ்டம். பதினாறு கழிந்ததும் ஊரிலிருந்து பெரியவர்கள் போனில் சொன்னபடி, அம்மையின் துணிகளை எல்லாம் நனைத்து, வெளுத்து, மடித்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள். தலையணை உறையைக்கூட விடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். பிறகு ஒரு நாள் குழந்தை அழுதபோது, பாட்டி மணத்துக்குப் பேசாமல் கிடக்கும் பிள்ளை அது, அம்மையின் துணி ஏதாவது சுற்றி எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தாள். சோப்பு மணம் மட்டும் வந்தது.

அம்மையின் மணத்தை நனைக்காத இடம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஈசாக்கின் அறையில், ஸ்டூலின் மேல்.

"அப்பா," என்றாள் ஆனந்தலட்சுமி, சுவரில் சாய்ந்தபடியே. "பையை இங்க ஒருக்கா கொண்டுவரச் சொல்லுங்க. எடுத்துக்கிட மாட்டேன். அந்தச் சேலையை மணத்துப் பாத்துட்டுத் திருப்பித் தாறேன்."

"பரஸ்தானம் வச்ச பையி, மக்கா. திரும்பி வீடேறப்பிடாது."

"அப்போ போற வழியில, ஈசாக்கு மாமாவுக்க அறையில வச்சு."

"வழியில திறக்கவும் பிடாது."

"பரஸ்தானத்துக்கு மூணு நாளுதான் கணக்கு. அம்மை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது எப்பமோ தீந்தாச்சு."

நீலகண்டபிள்ளை மடியில் இருந்த உறையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆபீசில் எந்த விதிக்கும் விலக்கு விதி எடுத்துக் காட்டியவர் அவர்.

"அன்னைக்கு நீங்கதான சிரிச்சிய? இன்னைக்கு அம்மையைவிட வலிய சாஸ்திரக்காரன் ஆயாச்சு."

"லெட்சுமீ," என்றான் ரமணன்.

"அவ சொல்லட்டு." நீலகண்டபிள்ளை உறையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "சிரிச்சேன். இல்லேன்னு சொல்லேல்ல. அவளுக்க உடம்பை நான் கொண்டுபோகேல்ல. சாம்பலையும் கொண்டுபோகேல்ல. ஊருக்குப் பொறப்பட்டாச்சுன்னு அவ வாயால சொன்னது அந்தப் பையி ஒண்ணை வச்சாக்கும். அது எங்கயும் திறக்காம, திரும்பாம, நேரே போய் அவளுக்க வாசல்ல எறங்கட்டு. அதுக்குப் பிறகு நீ என்ன கேட்டாலும் செய்யிலாம்."

"அதுக்குப் பிறகு அது அங்க, நான் இங்க. என்னத்தைக் கேக்க?"

குழந்தை விழித்து அழுதது. ஈசாக் எழுந்து, "வண்டியைக் கிளப்புகேன்," என்று கீழே போனான். பேச்சு அதோடு நின்றது.

ஈசாக்கின் அறை பட்டறைக்குப் பின்னால். உள்ளே கட்டில், ஒரு பெட்டி, சுவரில் ஏசுவின் படம். படத்துக்குக் கீழே ஸ்டூல். ஸ்டூலில் ஒரு துண்டு விரித்து, அதன்மேல் பை. வேதப்புஸ்தகம் ஜன்னல் படியில் இருந்தது.

"அக்கா வச்ச இடத்துல இருந்து அனக்கேல்ல," என்றான். "பெருக்குகப்போ ஸ்டூலைச் சுத்திப் பெருக்குவேன். கூட உள்ள பயலுவ கேட்டானுவ, என்னலே பிள்ளைமாருக்க சாமியை இங்க கொண்டு வச்சிருக்கியான்னு. போங்கலே, இது ஒரு யாத்திரைக்காரியாக்கும்னு சொன்னேன்."

நீலகண்டபிள்ளை கையை நீட்டினார். அதற்கு முன் ஆனந்தலட்சுமி குழந்தையை ரமணனிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. விமான நிலையம் வரை அவள் அதை மடியில் வைத்திருந்தாள். முன் சீட்டில் இருந்தவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். அவள் குனிந்து, ஜிப் ஓடும் தடத்தில் மூக்கை வைத்திருந்தாள். ரெக்சினும் பட்டறைத் தூசியும்தான் மணத்திருக்கும். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் அது தெரிந்தது. பூட்டுக்குச் சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நீலாம்பாளின் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார்.

உள்ளே போகும் வாசலில் அவர்தான் கேட்க வேண்டி வந்தது. "தா மக்கா."

கொடுத்தாள். "வீட்டுல போய்த் திறக்கப்போ பையப் பைய திறங்க," என்றாள். "ஒரேயடியா திறக்காதிங்க."

"போயிட்டு வாறேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஈசாக்தான் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினான்.

விமானத்தில் பையைத் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வைக்கச் சொன்னாள் பணிப்பெண். மாட்டேன் என்றார். அப்படியானால் முன் சீட்டுக்குக் கீழே என்றாள். கீழே வைத்தால் கால் படும். செருப்பைக் கழற்றி, கால்களைச் சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் இருந்தார். பக்கத்துச் சீட்டுக்காரன், தூத்துக்குடிப் பக்கத்து இளைஞன், "பெரியவரே, காலை நீட்டுங்க, மரத்துப் போயிரும்," என்றான். "கொள்ளாம், கொள்ளாம்," என்றார். கடலைத் தாண்டும்போது அவர் எட்டிப் பார்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கி வரிசையில் நின்றபோதுதான் பயம் வந்தது. முன்னால் நின்றவர்களுடைய பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. மடித்து வைத்ததெல்லாம் மேஜையில் குவிந்தது. ஒருவனுடைய கம்பளியை உதறிப் பார்த்தார்கள். இத்தனை தூரம் திறக்காமல் கொண்டுவந்தது இங்கே, இந்த மேஜையில், அறியாதவன் கையால் திறக்கப்படுமா? அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அப்படி அணைத்தால் சந்தேகம்தான் கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பை இயந்திரத்துக்குள் போயிற்று. திரையில் வந்ததைப் பார்த்த அதிகாரி மலையாளத்தில் கேட்டார்.

"இதெந்தா சாதனம்?"

நீலகண்டபிள்ளை எட்டிப் பார்த்தார். அவள் கட்டிவைத்ததின் உட்புறத்தை அவர் முதல் முறையாகப் பார்த்தது அந்தத் திரையில்தான். மங்கலாக, புகை மாதிரி, மடித்த துணி. அதன் நடுவில் கறுப்பாக, சாண் நீளத்தில், பல் வைத்த இரும்பு: ஊர் வீட்டுச் சாவி.

"தாக்கோலாணு சார். வீட்டின்றெ."

"இத்ர வலிய தாக்கோலோ? வீடோ, கொட்டாரமோ?" அரண்மனைச் சாவியைக் கண்டது போல அதிகாரி சிரித்தார். பிறகு பையைத் திறக்கும்படி கையைக் காட்டினார். "பேக்கு துறக்கூ."

"துறக்காம். பக்ஷே..." நீலகண்டபிள்ளைக்கு வார்த்தை தட்டியது. மலையாளத்தில் எத்தனை மனு எழுதிக் கொடுத்தவர். "அது என்றெ பார்யயுடெயாணு. அவர் வச்சதாணு. ஞான் இதுவரெ துறந்திட்டில்ல."

"அவரெவிடெ?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட் உறைக்குள் அவருடையதோடு சேர்ந்து இருந்த இன்னொரு பாஸ்போர்ட்டை எடுத்தார். மூலை வெட்டி, ரத்து முத்திரை குத்தியிருந்தது. அதை மூடி, திரும்ப உறைக்குள் வைத்து, சாக்குக் கட்டியால் பையில் ஒரு கோடு இழுத்து, "பொய்க்கோளூ," என்று வெளிவாசலைக் காட்டினார்.

வெளியே பொன்னப்பன் வாடகைக் கார் கொண்டுவந்து காத்திருந்தான். பக்கத்து வளவுக்காரன். அடைத்துக் கிடந்த வீட்டை அவனும் அவன் மனைவி அம்மிணியும்தான் பார்த்துக்கொண்டார்கள். சாதாரணமாக மஸ்கட்டிலிருந்து ஆள் வந்தால் கூட்டி வர ஒரு வண்டி நிறைய ஆட்கள் போவார்கள். இன்று அவன் மட்டும். பெட்டிகளை ஏற்றிவிட்டுப் பையை வாங்கக் கை நீட்டினான்.

"அது எனக்க மடியில இருக்கட்டு, பொன்னப்பா."

பாலராமபுரம் தாண்டியது. பிறகு பொன்னப்பன் மெல்ல ஆரம்பித்தான். ஆபீஸ்காரரான அவர் அவனுக்கு எப்போதும் 'சாறு'தான். "சாறே, பலாச்சக்கை ஒண்ணும் விழுந்து சீஞ்சு போகேல்ல. எல்லாம் பறிச்சேன். வேண்டிய வீடுகளுக்கு ஒக்கெ குடுத்தேன். யாருக்கு எந்த மரத்துச் சக்கைன்னு நினைவு வச்சிருக்கேன். அக்கா வந்து கேட்டா..." நிறுத்திக்கொண்டான். நெய்யாற்றின்கரை வந்தது. ஆபீஸ் விட்டு ஆட்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். அமரவிளைப் பாலத்தில் லாரிகள் வரிசை.

"அகிலேஷ் லீவுக்கு வந்துட்டுண்டு," என்றான் பிறகு. அகிலேஷ் அவன் மகன். அவனுக்கும் மஸ்கட்டில்தான் வேலை. "வாற ஞாயிறாழ்ச்சை திரும்பிப் போறான். லெட்சுமிப் பிள்ளைக்கு என்னவாவது குடுத்துவிடணும்னா சொல்லுங்க."

நீலகண்டபிள்ளை தலையாட்டினார். காதில் சரியாக விழவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தார்கள். முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அம்மிணி கிண்டியில் தண்ணீரோடு நின்றாள். அவரைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு ஒரே சாவிதான். நீலாம்பாள் அதை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகமாட்டாள், அம்மிணியிடம்கூட. அதனால் பொன்னப்பனும் அம்மிணியும் வெளியிலிருந்து செய்யக்கூடியதை மட்டும் செய்திருந்தார்கள்.

காலைக் கழுவிவிட்டு நீலகண்டபிள்ளை நடைப்படியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்து, சட்டைப் பையிலிருந்து சின்னச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். மகள் சொன்னது ஞாபகம் வந்தது. ஜிப்பைப் பைய இழுத்தார், சாவி வரும் அளவுக்கு.

அது வந்தது. வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். சந்தன சோப்பு. விபூதி. அதற்கெல்லாம் அடியில் பெயரில்லாத ஒன்று, அடுப்படியிலிருந்து அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றால் வருவது. நாற்பது வருஷம் அவர் அதை ஒரு மணம் என்று நினைத்ததே இல்லை. அது வீட்டின் காற்று என்றுதான் நினைத்திருந்தார்.

சாவியை எடுத்தார். உடனே ஜிப்பை மூடினார். திறந்து வைத்தால் தீர்ந்துவிடும் என்று கை தானாகவே அறிந்தது. மூடிய பிறகும் அசையாமல் அப்படியே இருந்தார். கார்க் கண்ணாடியில் கண்ட முகம் முன்னால் வந்தது. ரெக்சினில் மூக்கை வைத்து, ஒன்றும் கிடைக்காமல் நிமிர்ந்த முகம். மகள் கேட்டது இதைத்தான். அவர் சாஸ்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாறே?" என்றான் பொன்னப்பன்.

எழுந்து கதவைத் திறந்தார். தான் முன்னால் போகாமல், பையை எட்டி உள்ளே நிலைக்கு அப்பால் வைத்தார். அது போய் உட்கார்ந்த பிறகு வலது காலை எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை, வீட்டைப் பெருக்கித் துடைக்க அம்மிணியை விட்டுவிட்டு, சேர்ந்துவிட்டேன் என்று மகளுக்குப் போன் செய்யப் பாறசாலை போயிருந்தார். தன் குரலைத் தானே கேட்கும் லைனில், "எல்லாம் சுகம், பை வந்தாச்சு," என்பதற்கு மேல் ஒன்றும் பேச முடியவில்லை. திரும்பி வந்து படலையைத் திறக்கும்போது கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம். கொடியில் அவருடைய வேட்டி சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஈசாக்கின் ஸ்டூலில் இருந்து கொண்டுவந்த பை துவைகல்லின் பக்கத்தில் வாய் பிளந்து கிடந்தது. அம்மிணி வாளிமேல் குனிந்திருந்தாள். அவள் கையில் பச்சைக்கரை.

"அம்மிணியே! வெள்ளத்துல முக்காதே!"

அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று வழியில் கழன்றது.

"எனக்க தெய்வமே!" அம்மிணி நெஞ்சில் கை வைத்தாள். "உயிரு போச்சு சாறே. என்னத்துக்குச் சத்தம்? செத்தவளுக்க துணியாக்கும், நனைச்சு எடுக்கண்டாமா? சாறுக்கு ஒத்தையில செய்யத் தெரியாதுன்னுதான நான்..."

அவர் சேலையை இரண்டு கையாலும் வாங்கினார், குழந்தையை வாங்குவது போல. முந்தானை ஓரம் மட்டும் நனைந்து இருண்டிருந்தது. மீதி மடிப்புக் கலையாமல் இருந்தது. முகத்தருகே கொண்டுபோனார். இருந்தது.

பிறகு அவர் துவைகல்லில் உட்கார்ந்து, மகள் கேட்டதையும் தான் மறுத்ததையும் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். அம்மிணி ஈரக் கையோடு நின்று கேட்டாள்.

"நான் அறிஞ்சேனா சாறே," என்றாள். கண்ணைத் துடைத்தாள். துடைத்த வேகத்தில் அவளுக்கு வேலை ஞாபகம் வந்தது. "ஓரம் ஈரத்தோட மடிச்சு வச்சா பூஞ்சை மணம் ஏறும். அது இதையும் கெடுத்துப் போடும். மீதியைக் கவருல சுத்திக்கிட்டு, ஓரத்தை மட்டும் நெழல்ல காயப் போடும். வெயிலு ஆகாது."

அப்படியே செய்தார்கள். சேலையின் மடிப்பு பிளாஸ்டிக் கவருக்குள், முந்தானை ஓரம் மட்டும் வெளியே. பலாமரத்து நிழலில் நாற்காலி போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு நீலகண்டபிள்ளை ஓரத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பகலுணவு நேரம் தாண்டியது. வழியில் போன ராஜையா, "என்ன பிள்ளைவாள், காக்கா ஓட்டுகியளா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கேட்கட்டும்.

காய்ந்ததும் அம்மிணி மெழுகுதிரி கொண்டுவந்தாள். மகனுக்கு உப்பேரி வறுத்துக் கொடுத்துவிடும்போது கவரின் வாயைத் தீயில் காட்டி ஒட்டுவது அவளுக்குப் பழக்கம். "காத்துப் புகாது. மஸ்கட்டுல போய்ப் பொட்டிக்கப்போ இப்பம் வறுத்ததுபோல இருக்கும்," என்றாள். மடிப்புகளை அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை இரண்டாக மடித்து, சுடரில் ஓட்டினாள். பிறகு அதன்மேல் இன்னொரு கவர். அதையும் ஒட்டினாள். ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். உப்பேரிக்கு அவள் அவ்வளவு பார்ப்பதில்லை.

சனிக்கிழமை, ராகுகாலம் கழிவதற்கு முன்னாலேயே நீலகண்டபிள்ளை எழுத உட்கார்ந்துவிட்டார். தேதியையும் ஊரையும் வலது மூலையில் எழுதினார். நலம், நலமறிய ஆவல் என்று எழுதினார். விமானம் சரியான நேரத்தில் இறங்கியது, பொன்னப்பன் வந்திருந்தான், வழியில் ஒரு குறையுமில்லை என்று எழுதினார். பலாக்காய் யார் யார் வீட்டுக்குப் போனது என்பதை எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்.

"உன் அம்மை திங்கட்கிழமை வீடு வந்து சேர்ந்தாள். வழியில் எங்கும் திறக்கவில்லை. வாசலில் நான்தான் திறந்தேன், நீ சொன்னபடி பையத்தான். சாவி எடுக்கிற அளவுக்கு மட்டும். யாத்திரை முடிந்துவிட்டது. இனி அந்தச் சேலைக்கு ஒரு விதியும் இல்லை. அது உனக்கு. முந்தானை ஓரத்தில் ஒரு சாண் தண்ணீர் பட்டுவிட்டது. அதற்கு அம்மிணியைக் குறை சொல்லாதே. மடிப்பின் நடுவில் கெடாமல் உண்டு, நான் பார்த்தேன். கவரை முழுக்க வெட்டாதே. மூலையில் கொஞ்சம் வெட்டி, பார்த்துவிட்டு, மெழுகுதிரியில் ஒட்டி வைத்துக்கொள். அஞ்சு அழும்போது கொஞ்சம் காட்டு. எனக்கு வேண்டுமோ என்று நினைக்காதே. எனக்கு வீடு உண்டு."

வாசித்துப் பார்த்தார். கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டார். மடித்து உறையில் இட்டு, காலைச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி, உறையின் வாயில் தேய்த்து ஒட்டினார். முகவரி எழுதினார். கடிதத்தையும் கவரையும் ஒரு மஞ்சள் துணியில் சேர்த்துக் கட்டினார்.

ராகுகாலம் கழிந்ததைக் கடிகாரத்தில் பார்த்து எழுந்து, வளவைத் தாண்டிப் பொன்னப்பன் வீட்டுக்குப் போனார். அகிலேஷ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பொன்னப்பன் திண்டில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத்தானே பயலு பொறப்படுகான்? போகப்போ அவனே வந்து வேண்டிட்டுப் போவானே. சாறு என்னத்துக்கு இண்ணே கொண்டுவந்தது?"

"நாளைக்கு ஞாயிறு. மேற்கே சூலமாக்கும்."

பொன்னப்பன் வெற்றிலையை மறந்து அவரைப் பார்த்தான். "சாறு எப்பம் தொட்டு இதொக்கெ பாக்கத் தொடங்கியது?"

"நான் பாக்கேல்ல," என்றார் நீலகண்டபிள்ளை. "அவளுக்கு உண்டு."

அம்மிணி உள்ளேயிருந்து வந்து, தரையைத் துடைத்து, ஒரு பலகை போட்டாள். அவர் குனிந்து மஞ்சள் துணிப் பொதியை அதன்மேல் வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு, திரும்ப எடுத்துப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.